பழைய கோட்டையின் தெற்குச் சுவர்

ரேவதி, பரத், இதை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். ரேவதி வாசிக்கட்டும். பரத் நடுவில் புகுந்து பேசாமல் கடைசிவரைக்கும் கேட்கட்டும்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பரத் என்னிடம் ஒன்று கேட்டான். "சித்தப்பா கோட்டை மேலேந்து குதிச்சிட்டாராமே, நெசமாப்பா?" நான் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். வாயால் சொன்னால் பாதியிலேயே விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவது படித்தவன், நெல் மண்டியில் மூட்டை எடை போடுகிறவன் எழுதுகிற எழுத்து இது. தப்பு இருந்தால் ரேவதி திருத்திக்கொள்.

அந்தக் கோட்டையின் சரித்திரத்தையும் எழுதித் தரச் சொன்னீர்கள். சித்தப்பா அனுப்பிய போட்டோவில் அவன் முதுகுக்குப் பின்னால் தெரியுமே, அந்தக் கோட்டை. சித்தப்பா கதையும் கோட்டைக் கதையும் வேறு வேறு என்று நினைத்துத்தான் நான் விமானம் ஏறினேன். அப்படி இல்லை.

என்ன நடந்தது என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். சேகர் சித்தப்பா குரோவேஷியா நாட்டுக்குப் போனது அந்த மலைக்கோட்டையை ரிப்பேர் செய்கிற காண்டிராக்டரிடம் கல் தூக்குகிற வேலைக்கு. ஆடி அமாவாசை அன்றைக்கு நான் நம் மாடியில் தாத்தாவுக்காகக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, இலை போட்டுச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்தேன். சாயந்திரம் அவன் கம்பெனி ஆள் ஒருத்தன் போன் செய்தான். சேகர் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்துவிட்டான் என்றான். மறுநாள் அதே ஆள் திரும்பக் கூப்பிட்டு, விழுந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடையாது, அவனாக மேலே ஏறிப் போய்க் குதித்துவிட்டான் என்று சொன்னான்.

அதற்கு முந்தின நாள் இரவு சுமதி சித்திக்கும் அவனுக்கும் போனில் வாக்குவாதம். அவன் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றிருக்கிறான். சித்தி இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் சோற்றில் கை வைத்ததே இல்லை. உங்கள் அம்மா கஞ்சியைக் கரைத்து வாயருகே கொண்டுபோனாலும் தலையைத் திருப்பிக்கொள்வாள். நான் புறப்படுகிற அன்றைக்கு வாசலில் வந்து நின்றாள்.

"நான்தான் மாமா தள்ளிட்டேன். வந்துடறேன்னு அழுதாரு. வூட்டுக்கு மேல தளம் போட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டேன். அங்க இன்னா நடந்துச்சோ அதயே வந்து சொல்லுங்க. எனக்கோசரம் பொய் சொல்லாதீங்க."

பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருத்தர் அதே நாளில் இன்னொன்றும் சொன்னார். "தானா போனவனுக்குப் பதினாறாம் நாள் காரியம்லாம் இன்னாத்துக்கு? கொண்டாந்து எரிச்சிட்டு வுடு." சித்தி காதில் விழட்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆக, தம்பியைக் கொண்டுவரப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாலும், நான் போனது அவன் குதித்தானா, விழுந்தானா என்று தெரிந்துகொள்ள.

பேப்பர் வேலை முடிந்து நான் போய்ச் சேர ஆவணி ஆகிவிட்டது. அத்தனை நாளும் அவன் ஐஸ் பெட்டியில் இருந்தான்.

அங்கே முதல் நாளே பஸ்ஸில் ஏமாந்தேன். அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. இறங்குகிற இடம் வந்தால் கம்பியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டுமாம். எனக்கு யார் சொல்வார்கள்? மலைமேல் கோட்டை தெரிந்தது. போட்டோவில் பார்த்த அதே கோட்டை. எழுந்து நின்று "ஓல்டான், ஓல்டான்" என்று கத்தினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே போனான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கோட்டை பின்னால் போய், மலை மறைந்து, பஸ் கடைசி ஊரில் போய் நின்றது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தேன். இரண்டு பக்கமும் சோளக் கொல்லை. ஆள் நடமாட்டம் இல்லை, ஒரு டீக்கடை இல்லை. நம் ஊரில் செங்கல்பட்டு ரோட்டில் பெட்டியோடு ஒருத்தன் நடந்தால் எத்தனை பேர் நிறுத்தி எந்த ஊர், யார் வீடு என்று விசாரிப்பார்கள். கடைசியில் டிராக்டரில் வந்த ஒரு கிழவர் நிறுத்தினார். கோட்டையைக் கை காட்டினேன். ஏறச் சொன்னார். வழியில் சட்டைப் பைக்குள்ளிருந்து சின்ன பாட்டில் எடுத்து நீட்டினார். சாராய வாடை. வேண்டாம் என்று கும்பிட்டேன். இறக்கிவிடும்போது ஒரு காகிதப் பை நிறைய நாவல் பழ நிறத்தில் ஏதோ பழம் கொடுத்தார். அதுதான் பிளம்ஸ். சேகர் போனில் சொல்லிக்கொண்டிருப்பானே, பரத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று, அந்தப் பழம்.

சேகர் தங்கியிருந்த கொட்டகையில் கட்டிலுக்கு மேல் கட்டில். அவன் கூட்டாளி ரமணாதான் என்னை அழைத்துப் போனான். நெல்லூர்ப் பக்கத்துப் பையன். முன்னே ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தவன், நம் பேச்சு நன்றாகவே வரும். அந்த நாட்டுப் பாஷையும் கொஞ்சம் பேசுகிறான். பருப்பும் சோறும் ஆக்கிப் போட்டான். அந்த நாட்டில் இறங்கியதிலிருந்து புளித்த ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்ற வாய்க்கு அந்தச் சோறு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. சேகர் கட்டிலில் போர்வை மடித்தபடி இருந்தது. சுவரில் அவன் குழந்தை பாப்பாவின் போட்டோ ஒட்டியிருந்தது.

ரமணாவிடம் நேராகவே கேட்டேன். அவன் ரொம்ப நேரம் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தெரியல அன்னா. முந்தின நைட்டு போன் பேசிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினான். ஞாயித்துக்கெழம காலைல குளிச்சான், சோறு ஆக்கினான். தட்டுல போட்டு மூடிக்கினு மேல போனான். அது மாதிரி அப்பப்போ போவான். நம்மகூட உக்காந்து துன்ன மாட்டான், ஒண்டியா போவான், காலித் தட்டோட வருவான். மேல போய் அழுதுட்டுத் துன்னுட்டு வராம்போலன்னு நெனச்சிக்குவேன்."

அன்றைக்கு என் மனசில் இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போயிற்று. கூட இருந்தவனே இப்படிச் சொன்னால் சுமதியிடம் நான் என்னத்தைக் கொண்டுபோய்ச் சொல்வது.

மறுநாள் பக்கத்து டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பியை இழுப்பறை மாதிரி ஒன்றிலிருந்து வெளியே இழுத்துக் காட்டினார்கள். முகம் முகமாகத்தான் இருந்தது, அதைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். ஊரிலிருந்து சட்டைப் பையில் கொஞ்சம் அரிசி முடிந்து கொண்டுபோயிருந்தேன். நம் கழனி அரிசி. அங்கே இருந்த ஆள் எதையும் தொடக்கூடாது என்று கையால் தடுத்தான். நான் அரிசியைக் காட்டினேன், என் வாயைக் காட்டினேன், தம்பி வாயைக் காட்டினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வாய்க்கரிசி போட்டேன்.

வெளியே வந்தால் கம்பெனி சூப்பர்வைசர் காத்திருந்தார். உயரமான ஆள், மரியாதையான ஆள். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். லீவு நாள், அந்தப் பக்கம் வேலை கிடையாது, அவராகத்தான் போனார், வீட்டுக் கவலை போலிருக்கிறது என்று இங்கிலீஷில் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அதனால் நானும் நம்பினேன். உடம்பை அனுப்புகிற பேப்பர் வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. மறுநாள் ரமணாவைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்கு ஏறினேன்.

அதற்குப் பெரிய பெயர் ஒன்று போர்டில் எழுதியிருக்கிறது. அங்கத்து ஜனங்கள் பழைய கோட்டை என்றுதான் சொல்கிறார்கள். மலை நம் பக்கத்து மலைகள் மாதிரி மொட்டைப் பாறை இல்லை. முழுக்க மரம். ஏற ஏற ஈர வாடை. வழியில் வேலை நடக்கிற இடத்தில் சாரம் கட்டி, பச்சை வலை போட்டு மூடியிருந்தது. வலைக்கு உள்ளே உளிச் சத்தம் கேட்டது. ஒருத்தன் செத்த இடத்தில் இத்தனை சீக்கிரம் வேலை ஆரம்பித்துவிட்டார்களே என்று நினைத்தேன். நம் மண்டியில் மூட்டை சரிந்து ஒருத்தர் போனபோது நாங்களும் இரண்டாம் நாளே லோடு ஏற்றினோம். யாரைக் குற்றம் சொல்வது.

வாசலில் டிக்கெட் கொடுக்கிற அம்மாவின் பெயர் மாரியா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பதும் அவர்தான், உள்ளே கூட்டிப்போய்க் கதை சொல்வதும் அவர்தான். எங்களோடு வேறு ஏதோ தேசத்துப் புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடி. நான் யார் என்று சொல்லவேண்டாம் என்று ரமணாவிடம் சொல்லியிருந்தேன். அந்த அம்மா பின்னால் கை கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே நடந்தார். ரமணா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். நீங்கள் கேட்ட சரித்திரம் இதுதான்.

அந்தக் கோட்டையை ஆண்டவர்கள் ராஜாக்கள் இல்லை. ராஜாவுக்குக் கீழே இருந்த பிரபுக்கள், நம் பக்கத்துப் பாளையக்காரர் மாதிரி. கீழே இரண்டு மலைக்கு நடுவில் ஒரு கணவாய் இருக்கிறது. உப்பு வண்டி, திராட்சைச் சாராய வண்டி எல்லாம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். அதைக் காவல் காக்கிறேன் என்று ராஜாவிடம் உத்தரவு வாங்கி வந்தவன் முதல் பிரபு. காவலுக்குக் கூலி என்று வண்டிக்கு வண்டி வரி வாங்கினான். அந்த வரியில் கட்டியதுதான் இத்தனை சுவரும். கல்லைத் தூக்கியது ஊர் ஜனம். கூலி கிடையாது, முறைக்கு வந்து தூக்கிவிட்டுப் போக வேண்டும்.

அவன் பேரன்கள் இரண்டு பேர். சொத்தைப் பிரிக்க மனசில்லாமல் அண்ணன்காரன் தம்பியைப் பிடித்துக் கோபுரத்துக்கு அடியில் ஒரு குழியில் போட்டுவிட்டான். அந்தக் குழிக்குக் கதவே இல்லை. மேலே ஒரு ஓட்டை, அதன் வழியாகக் கயிற்றில் ரொட்டி இறங்கும். ஒரு நாள் கயிறு கனமாகவே மேலே வந்ததாம், ரொட்டியை எடுக்கவில்லை. அன்றோடு கயிறு விடுவதை நிறுத்திவிட்டார்களாம். நான் குனிந்து அந்த ஓட்டைக்குள் பார்த்தேன். இருட்டுதான். சுற்றுலா வந்த அம்மா உள்ளே ஒரு காசைப் போட்டு, விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள்.

பிறகு தெற்குச் சுவருக்குப் போனோம்.

அங்கே ஒரு ஓரம் சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது. ரமணா என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சுவரைப் பற்றி மாரியா அம்மா சொன்னது அந்த அண்ணன்காரனுக்குப் பிறகு வந்த பிரபுவின் கதை. வரி கட்ட மாட்டேன் என்கிற குடியானவனை, எதிர்த்துப் பேசுகிறவனை அவன் மேலே கூப்பிடுவானாம். பிறகு அந்த ஆள் அந்தச் சுவருக்குக் கீழே கிடப்பான். மறுநாள் காலையில் கோட்டை மணி அடித்து, இன்னான் தானாகக் குதித்துச் செத்தான் என்று அறிவிப்பார்கள். தானாகச் செத்தவனை மாதா கோயில் மண்ணில் புதைக்க அந்தக் காலத்தில் விடமாட்டார்களாம். அவன் நிலமும் பிரபுவுக்கே சேரும். பெண்டாட்டி பிள்ளைகள் அன்றைக்கே வீட்டை விட்டு வெளியே. ஊரில் நல்ல நிலம் பாதி அப்படித்தான் கோட்டைக்குப் போனது என்றார். சுவருக்குக் கீழே எப்போதும் காக்கைக் கூட்டம் காத்திருக்குமாம். அதனால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் காக்கைக்கு ஒரு துண்டு ரொட்டி போடமாட்டார்கள், கல்லெடுத்து விரட்டுவார்கள்.

எனக்கு நம் உத்திரமேரூர் மண்டபம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் உங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்களே, குடவோலைக் கல்வெட்டு. குடத்தில் ஓலை போட்டுச் சபைக்கு ஆள் எடுத்ததும், கணக்குக் காட்டாதவன் திரும்பச் சபையில் உட்காரக்கூடாது என்று சுவரிலேயே வெட்டி வைத்ததும் அதில் இருக்கிறது. இங்கே ஒருத்தன் மணியடித்துச் சொன்னது சட்டம். நம்முடையது எவ்வளவு உசத்தி என்று ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். அந்தக் குடத்தில் பெயர் போடவும் சொந்த நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். மூட்டை தூக்குகிற என் பெயரை அதில் யார் போட்டிருப்பார்கள்.

கடைசிப் பிரபுவுக்குப் பிள்ளை இல்லை. அவனைப் புதைக்கும்போது குடும்பத்துக் கேடயத்தை இரண்டாக உடைத்துக் குழியில் போட்டார்களாம், இந்த வம்சம் இதோடு சரி என்று. நாம் கொள்ளிக்குடம் உடைக்கிறோமே, அது மாதிரி. கோட்டைக்குள்ளேயே இருக்கிற மாதா கோயிலில் பிரபுக்களின் உருவங்கள் கல்லில் படுத்திருக்கின்றன, தம்பியைக் கொன்றவன் உட்பட. கல் தூக்கியவன், கீழே விழுந்தவன் ஒருத்தனுக்கும் ஒரு கல் கிடையாது.

மற்றவர்கள் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் தெற்குச் சுவருக்குத் திரும்பினேன். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் சுவரில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி. எட்டிப் பார்த்தேன். முள்ளும் பாறையும். மடியில் வைத்திருந்த கற்பூரத்தை எடுத்துச் சுவர்மேல் வைத்து ஏற்றினேன். காற்றில் அணைந்தது. திரும்பவும் ஏற்றினேன். இந்தத் தடவை எரிகிற கற்பூரமே உருண்டு காய்ந்த புல்லில் விழுந்து பற்றிக்கொண்டது.

மாரியா அம்மா கத்திக்கொண்டே ஓடி வந்தார். செருப்புக் காலால் கற்பூரத்தை மிதித்து, புல்லையும் மிதித்து அணைத்தார். எனக்கு நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. கையை நீட்டி நீட்டித் திட்டினார். ஒன்றும் புரியாமல் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். ரமணா ஓடி வந்து இடையில் புகுந்து ஏதோ சொன்னான். அந்த அம்மா நீட்டிய கையை இறக்கினார். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ரமணாவிடம் மெல்ல ஒன்று கேட்டார்.

"பறவைக்காரனோட அன்னனான்னு கேக்கறாங்க," என்றான் ரமணா.

என்ன பறவை, எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா எழுந்தார். சுவருக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தட்டி, ஆகாசத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"கா... கா... கா..."

ரேவதி, பரத், அந்த வெள்ளைக்கார அம்மாவின் வாயிலிருந்து நம் வீட்டு மாடிச் சத்தம் வந்தது. உங்கள் சித்தப்பா இழுக்கிற இழுப்பே அது, கடைசிக் காவைக் கொஞ்சம் நீட்டுவானே, அதே மாதிரி. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் ஒரு தடவை போனில் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அண்ணா, இங்க எல்லாமே வேற மாதிரி கீதுண்ணா. மாடு வேற, மரம் வேற. காக்கா மட்டும் நம்மூரு காக்கா மாதிரியே கய்த்துல சாம்பல் பூசிக்கினு கீது." நான் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

பிறகு அந்த அம்மா சொன்னதை ரமணா சொல்லச் சொல்லக் கேட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை வருவான். மத்தியானம் வருவான், தட்டை மூடிக்கொண்டு வருவான். சுவர்மேல் சோற்றை வைத்துக் கூப்பிடுவான். பறவை வந்து எடுக்கிறவரைக்கும் வெயிலானாலும் பனியானாலும் நிற்பான். எடுத்ததும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவான். முதலில் பைத்தியம் என்று நினைத்தாராம். இந்தச் சுவரில் காக்கைக்குத் தீனி வைக்காதே, நல்லதில்லை என்று ஒரு தடவை தடுத்தாராம். அவன் வானத்தைக் காட்டி, அப்பா, அப்பா என்றானாம். செத்துப்போன தன் அப்பாவைச் சொல்கிறான் என்று அந்தச் சத்தத்திலேயே புரிந்துகொண்டாராம். அதற்குப் பிறகு அவனிடம் டிக்கெட் கேட்டதில்லையாம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். விழுந்ததை அவர் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், சுவரோரம் போட்டோ எடுக்கிறவர்கள் நிறைய. காக்கைகள் பக்கத்தில் வராமல் வெளிப்பக்கத்து விளிம்பில் உட்கார்ந்திருந்தன. கூட்டம் கோயில் பக்கம் நகர்ந்த பிறகுதான் சத்தம் கேட்டதாம். ஓடி வந்து பார்த்தால் சுவரில் ஒரு கல்லைக் காணவில்லை, அவனையும் காணவில்லை. தட்டு மட்டும் வெளி விளிம்பில் இருந்தது. விளக்குமாற்றால் உள்ளே இழுத்து எடுத்தாராம்.

காக்கைக்கு எட்டட்டும் என்று தட்டை அந்த விளிம்பு வரைக்கும் தள்ளியிருக்கிறான். கை ஊன்றிய கல் பெயர்ந்திருக்கிறது. ரிப்பேர் செய்ய வேண்டிய கல், இன்னும் செய்யாத கல்.

இதையெல்லாம் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். கல் பெயர்ந்ததை அன்று சாயந்திரமே சூப்பர்வைசரிடம் சொன்னாராம். போலீஸ் கேட்டால் சொல், கேட்காவிட்டால் எதற்கு என்றாராம் அவர். யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாவின் மகன் அதே காண்டிராக்டரிடம் கிரேன் ஓட்டுகிறான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவிக்கொத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவர் சொன்னதை ரமணா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "இந்தச் சுவரிலிருந்து எவனும் தானாகக் குதித்ததில்லை என்று டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் தினமும் சொல்கிறேன். அவனுக்காக மட்டும் சொல்லாமல் இருந்துவிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அவரைக் கும்பிடாமலே இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மாரியா அம்மா மாதா கோயிலுக்குப் போகிற மாதிரி கறுப்பு உடை உடுத்திக்கொண்டு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒன்று. எங்களோடு ஏறினார். எங்கே போகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டவுன் வந்ததும் பொத்தானை அமுக்கியது அவர்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் இளவயது அதிகாரி. அந்த அம்மா சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டார். பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார் அந்த அம்மா. எவர்சில்வர் தட்டு. ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, சுமதி சேகர் என்று. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த சீர்த் தட்டு. தேசம் விட்டுப் போகும்போது பெட்டியில் அதைத்தான் எடுத்துப் போயிருக்கிறான். அதிகாரி என் பக்கம் திரும்பி, எதற்குக் காக்கை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஃபாதர். டெட். க்ரோ கம், ரைஸ் ஈட், ஃபாதர் ஈட்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் மெழுகுவத்தி ஏற்றுவோம் என்றார். காண்டிராக்டர் விஷயம் என்ன ஆயிற்று என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாவின் மகனுக்கு வேலை இருக்கிறதா என்றும் தெரியாது. விபத்து என்று எழுதிய தாளும், தட்டும் என் கைக்கு வந்தன.

தம்பியோடு நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது தெரு முழுக்க ஆள். அதெல்லாம் நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்க்காதது ஒன்று. பெட்டியை இறக்குவதற்கு முன்னாலேயே சித்தியைத் தனியாக உள் அறைக்குக் கூப்பிட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன், பெயர்ந்த கல் உட்பட. தட்டைக் கொடுத்தேன். அவள் பெயர் வெட்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"காக்கா எட்த்துச்சா மாமா?"

தட்டில் பாதிச் சோறுதான் மீந்திருந்தது என்று மாரியா அம்மா சொல்லியிருந்தார். "எட்த்துச்சும்மா," என்றேன். பொய் சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டபடி நான் பொய் சொல்லவில்லை.

அன்றைக்கு எல்லாம் முடிந்து குளித்து வந்த பிறகு, அம்மா போட்ட சோற்றில் அவள் கொஞ்சம் சாப்பிட்டாள். அந்தத் தட்டில்தான். ஏரிக்கரையில் பதினாறாம் நாள் காரியம் குறையில்லாமல் நடந்தது. அந்தப் பங்காளிப் பெரியவரும் வந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து, வடை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே பரத், பள்ளிக்கூடத்தில் யாராவது திரும்பக் கேட்டால், உங்கள் சித்தப்பா தாத்தாவுக்குச் சோறு வைக்கப் போனார், கல் பெயர்ந்து விழுந்தார் என்று சொல். சண்டை போடாதே. சொல்லிவிட்டு வந்துவிடு.

புரட்டாசி அமாவாசை அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். அம்மா சித்தி வீட்டில் இருந்தாள். மத்தியானம் நான் மட்டும் இலையில் சோறு, பருப்பு, ஒரு கரண்டி தயிர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இந்தத் தடவை தாத்தாவுக்கு ஒரு பிடி, தம்பிக்கு ஒரு பிடி. எப்போதும் வைக்கிற மாதிரி தெற்கே கைப்பிடிச் சுவர்மேல் இலையை வைத்துக் கையைத் தட்ட ஆரம்பித்தேன். தட்டின கை நின்றது. இலையைத் திரும்ப எடுத்து, நான்கு பக்கச் சுவருக்கும் தள்ளி, மாடிக்கு நடுவில் தரையில் வைத்தேன். படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்று கூப்பிட்டேன்.